மாப்பிள்ளைக்குப் பொட்டலம் கட்டியவர்

அந்த நாயைக் கையில் வாங்கும்போதெல்லாம் சீப்புக்காரருக்கு ஒரு பெருமூச்சு வரும். பிடிக்காமல் இல்லை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கிளம்புகிற வழியைக் காணோம் என்றால் மாமனாருக்கு எப்படி இருக்கும், அப்படி ஒரு பெருமூச்சு. அந்த வீட்டில் நாயைக் கூப்பிடுவதும் அப்படித்தான், மாப்பிள்ளை என்று. கண்காட்சிப் பதிவில் அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. மாப்பிள்ளை என்றால் ஒரு கண்ணை மட்டும் திறக்கும்.

மால்டீஸ் சாதி வெள்ளை நாய். உடம்பு இரண்டு கைக்குள் அடங்கிவிடும். முடிதான் பிரச்சினை. முதுகிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து தரையைத் தொடும். நடந்தால் கால் தெரியாது; யாரோ ஒரு வெள்ளைத் துணியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கோலத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கண்காட்சிக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அது பொட்டலம்தான்.

பொட்டலம் என்பது சீப்புக்காரர் வைத்த பேர். முடியைப் பிடி பிடியாகப் பிரித்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு பிடியையும் மெல்லிய தாளில் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, கீழிருந்து மேலாகச் சுருட்டி, சின்ன ரப்பர் வளையம் போட வேண்டும். அப்படி உடம்பு முழுக்கப் பொட்டலம் தொங்கினால்தான் முடி தரையில் உரசி உடையாது, வாயில் போய்ச் சிக்கு விழாது. ஒன்றுவிட்டு ஒருநாள் எல்லாவற்றையும் பிரித்துச் சீவி, வகிடைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் கட்ட வேண்டும். நகர்த்தாமல் அதே இடத்தில் கட்டினால் வேரோடு போகும். நாய்க்குத் தண்ணீர் கிண்ணத்தில் கிடையாது, தாடி நனையும் என்று குழாய் வைத்த பாட்டிலில்தான். மண்ணில் கால் வைக்கக் கூடாது. புல்லை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சீப்புக்காரர் முதலில் மனிதர்களுக்குத்தான் முடி வெட்டினார். அண்ணனும் தம்பியுமாக ஒரு கடை. ஒருநாள் ஒரு பெண் சடை விழுந்த நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அழுதாள். அண்ணன் கையை விரித்துவிட்டார். தம்பி ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கடை சாத்துகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒரு முடியைக்கூட வெட்டாமல் அத்தனை சடையையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சீப்புக்காரர் என்கிற பேர் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாயாக வந்து சேர்ந்தது.

"மனுஷன் தலை வேண்டாம்னு நாய்த் தலைக்குப் போறியாடா?" என்றார் அண்ணன்.

"நாய் பேசாதுண்ணே. ஊர்க்கதையெல்லாம் கேக்கவேண்டியதில்ல."

அது ஒரு காலம். இப்போது அவருக்கு வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. விரல் இருக்கிறது, அதன் அடியில் இருக்கிற ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது. காலையில் பல் விளக்கக் குழாயைத் திறக்கும்போதே மணிக்கட்டு வரைக்கும் சுளீரென்று இழுக்கும். டாக்டர் ஒரு பட்டையை மாட்டிவிட்டு, கைக்கு ஓய்வு கொடுங்க என்றார். கையைக் கழட்டி வீட்டில வெச்சுட்டு வேலைக்குப் போகவா சார் என்று கேட்டுவிட்டு வந்தார் இவர்.

மனைவி ஒரு தையல் கடையில் காஜா எடுக்கிறாள். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது, இவருக்குக் கை. இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவளே சொல்வாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் தலைக்கு ஒரு நாளாவது எண்ணெய் வெச்சு விட்டிருக்கீங்களா?"

"நாலு கால்ல நில்லு, வெச்சு விடறேன்."

"நின்னா மட்டும் என்ன, முதல்ல வாயைத் திற, பல்லைப் பாக்கணும்பீங்க."

மாப்பிள்ளையை வளர்க்கிற அம்மா ஒரு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் மேனேஜரம்மாதான். வங்கியை விட்ட பிறகு அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் நாய் வாங்கினார் என்று அவருடைய கணவரே ஒருதரம் சொன்னார், அதுவும் மெதுவாக. அவர் எல்லோருக்கும் சார். சாயங்காலமானால் தெருக்கோடி மைதானத்துக்குத் தனியாக நடந்துவிட்டு வருவார். வந்ததும் மாப்பிள்ளை ஓடிவந்து, பொட்டலங்கள் ஆட ஆட, அவருடைய செருப்பை மோந்து பார்க்கும். சும்மா மோந்துவிட்டு விடாது. பேப்பர் படிக்கிறவர் மாதிரி ஓரம் ஓரமாக, ஒரு வரி விடாமல். சார் அது முடிகிற வரைக்கும் காலை எடுக்காமல் நின்றுகொண்டிருப்பார்.

மாப்பிள்ளை சாம்பியன் ஆக இன்னும் ஒரே ஒரு வெற்றி பாக்கி இருந்தது. மேனேஜரம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"பட்டம் வந்துட்டா முடியை வெட்டிடலாம் தம்பி. அப்புறம் அவன் சாதா வீட்டு நாய். உங்களுக்கும் விடுதலை."

சீப்புக்காரர் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருஷத்தை ஓட்டினார். இதோடு கண்காட்சி நாய்களுக்கு ஒரு கும்பிடு. அண்ணன் கடையில் பாதியைத் தடுத்து, குட்டை முடி நாய்களைக் குளிப்பாட்டி நகம் வெட்டி அனுப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். மெஷின் ஓட்டினால் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு மூலையை ஒழித்தும் வைத்துவிட்டார். சார்கூட ஒரு சிவப்புக் கயிறு வாங்கி வைத்திருந்தார், மைதானத்துக்குக் கூட்டிப் போக. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் கண்காட்சிக்கு வந்தார்.

கூடம் முழுக்க மேஜைகள். முடி உலர்த்துகிற மெஷின்களின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. காற்றில் முடி பறக்கும், டீயைக் குடித்தால் நாக்கில் ஒட்டும். சீப்புக்காரர் மாப்பிள்ளையை மேஜையில் நிறுத்தி ஒவ்வொரு ரப்பர் வளையமாகக் கத்திரி நுனியால் வெட்டிப் பொட்டலங்களைப் பிரித்தார். இழுத்துக் கழட்டக் கூடாது. வளையத்தோடு முடியும் வரும். பிறகு பாட்டிலில் இருந்த முடித் திரவத்தைப் பனி மாதிரி அடித்து, தோலிலிருந்து நுனி வரைக்கும் சீவினார். மூக்கிலிருந்து வால் அடி வரைக்கும் சீப்பின் ஊசி மாதிரி நீண்ட வால் நுனியால் ஒரே இழுப்பில் வகிடு. அந்தக் கோடு போடும்போது மட்டும் அவர் மூச்சு விடமாட்டார். கோணல் என்பதை அவர் கண் பொறுக்காது. சுவரில் படம் சாய்ந்திருந்தால் அடுத்தவர் வீடென்றும் பார்க்காமல் எழுந்து போய் நேராக்குகிறவர்.

"அண்ணே, உங்க வகிடைப் பாத்து ரோடு போடலாம்" என்றான் அடுத்த மேஜைக்காரன்.

"ரோடு போட்டா குழி விழும். இதுல விழுந்தா என் வேலை போயிடும்."

நெற்றி முடியைத் தூக்கிக் கட்டியபோது விரல் ஒருமுறை சுளீரென்று இழுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, அவ்வளவுதான் என்றார். நாயிடம் சொன்னாரா விரலிடம் சொன்னாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

சுற்றிக் கயிறு கட்டிய ரிங்குக்குள் மேனேஜரம்மாதான் நாயைக் கூட்டிப் போனார். நடுவர் உயரமான ஒரு பெண். பல்லைப் பார்த்தார், முடிக்குள் கையை விட்டு எலும்பைத் தடவினார், நடக்கவிட்டார். மாப்பிள்ளை நடந்தது. அந்த வெள்ளைத் துணி இரண்டு பக்கமும் அலை அடித்துக்கொண்டு போனது. ஒரு முடி இடம் மாறவில்லை. நடுவர் கையை நீட்டி அதைக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். சீப்புக்காரர் தட்டவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அந்த இடம் இப்போதுதான் வலித்தது.

"முடிஞ்சுது தம்பி" என்றார் சார், பக்கத்தில் வந்து நின்று.

"முடிஞ்சுது சார்."

திரும்பும்போது சார் கார் ஓட்டினார். மேனேஜரம்மா முன்சீட்டில் வழி நெடுகப் போனில் பேசிக்கொண்டே வந்தார். தங்கச்சியிடம், பழைய வங்கிச் சிநேகிதிகளிடம், நாயை விற்றவரிடம். பின்சீட்டில் சீப்புக்காரரின் மடியில் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு அம்மா திரும்பினார்.

"தம்பி, அந்த ஜட்ஜ் என்ன சொன்னாங்க தெரியுமா? முடி இப்பத்தான் முழுசா வந்திருக்காம். இனிமேதான் இவனுக்கு நல்ல காலமாம்."

சீப்புக்காரர் மடியில் வழிந்த முடியை ஓரமாக ஒதுக்கினார்.

"இப்ப போய் வெட்டினா பாவம் இல்லையா? வெளிநாட்டு ஜட்ஜுங்க வர்ற பெரிய ஷோ ஒண்ணு இருக்கு. அது ஒண்ணே ஒண்ணு. அதோட சரி."

"அப்ப வெட்டலையா?" என்றார் சார், ரோட்டைப் பார்த்தபடி.

"வெட்டலைன்னா சொன்னேன்? இப்ப இல்லைன்னேன்."

சார் சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனார்.

"என்ன தம்பி, சரிதானே?"

இந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றது. ஆனால் வாய் எத்தனையோ வருஷமாக ஒரே சொல்லுக்குப் பழகிக் கிடந்தது.

"சரிங்கம்மா" என்றார்.

மேனேஜரம்மா வீட்டுக்கு வந்தும் வேலை முடியவில்லை. கண்காட்சிக்கு அடித்த திரவமெல்லாம் முடியில் பிசுபிசுத்துக் கிடக்கும். அன்றே குளிப்பாட்டி, உலர்த்தி, எண்ணெய் தொட்டு, பொட்டலம் கட்டியாக வேண்டும். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறையில், ரப்பர் விரித்த மேஜைமேல், குளித்து உலர்ந்த மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அதற்கும் தூக்கம்.

முதல் பொட்டலம் கழுத்தடியில். கட்டிவிட்டார். இரண்டாவதில் வளையத்தை இரண்டாம் சுற்றுக்கு இழுத்தபோது கட்டைவிரல் மடங்கின இடத்திலேயே பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினார். 'டக்'கென்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தார், மறுபடி பூட்டிக்கொண்டது. வளையம் தெறித்து மெஷினுக்குப் பின்னால் போய் விழுந்தது.

"என்ன தம்பி?"

"கை வரலைம்மா."

"தைலம் எடுத்துட்டு வரவா?"

"எல்லாத் தைலமும் தேய்ச்சாச்சு."

"சரி, நாளைக்குக் காலையில கட்டிக்கலாம்."

"விரிச்சு விட்டுட்டுப் படுக்கப் போட்டா காலையில இது நாய் இல்லம்மா, மெத்தை. பிரிக்கவே முடியாது."

மேனேஜரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"தள்ளுங்க. நான் கட்டறேன். நீங்க சொல்லுங்க."

விருந்தாளிகள் வந்தால் வேடிக்கைக்காக ஒன்று, இரண்டு கட்டிக் காட்டியிருக்கிறார். ஒரு முழு நாயை அவர் கட்டியது கிடையாது. முதல் பொட்டலம் கசக்கி எறிந்த பஸ் டிக்கெட் மாதிரி வந்தது.

"பிரிங்க" என்றார் சீப்புக்காரர், முக்காலியில் உட்கார்ந்தபடி.

"நல்லாத்தானே இருக்கு?"

"உள்ள முடி முறுக்கிக்கிட்டிருக்கு."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"அவனுக்குத் தெரியும். ராத்திரி பூரா சொறிவான்."

பிரித்தார். மறுபடி மடித்தார். தாள் கிழிந்தது. எண்ணெய்க் கையில் வளையம் வழுக்கியது. உட்கார்ந்து கட்டிப் பார்த்தார், எட்டவில்லை. நின்று கட்டிப் பார்த்தார், இடுப்பு பிடித்தது. மாப்பிள்ளை உட்கார்ந்துவிடும், தூக்கி நிறுத்த வேண்டும்; நிறுத்தினால் கட்டினது அவிழ்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கொண்டுவந்து வைத்த டீ மேலே ஆடை கட்டி ஆறிப்போனது.

"எப்படித் தம்பி இத்தனை நாளா நின்னுக்கிட்டே கட்டினீங்க?"

"உக்காந்து கட்ட வராதும்மா. இப்பத்தான் பாத்தீங்களே."

சார் எட்டிப் பார்த்தார். "ஆச்சா?"

"ஒரு பக்கமே ஆகலை. போங்க, நின்னு பாக்காதீங்க."

போகவில்லை. கதவோரம் நின்றார்.

காது வந்தது. காதில் கட்டுவதுதான் ஆபத்து. முடி காதின் சதையைத் தாண்டித் தொங்கும். சதை எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. அதற்குக் கீழேதான் வளையம் விழ வேண்டும். கட்டி முடித்ததும் காதுக்கும் வளையத்துக்கும் நடுவில் சீப்பின் வால் நுனியை விட்டுப் பார்க்க வேண்டும். போனால் சரி. சீப்புக்காரர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா அலுப்பில் தாளை மடித்து வளையத்தை இறுக்கிச் சுற்றிவிட்டார். மாப்பிள்ளை 'கீச்'சென்று கத்திக்கொண்டு தலையைச் சாய்த்து, முன்னங்காலால் காதைப் பிறாண்டியது.

சீப்புக்காரர் துள்ளி எழுந்து சீப்பு வாலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. வளையம் சதையில் ஏறியிருந்தது.

"பிடிங்கம்மா. ஆடாம பிடிங்க."

கத்திரியை எடுத்து நுனியை வளையத்துக்கு அடியில் கொடுத்தார். கை நன்றாக இருந்த காலத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நாய் உதறியது. கட்டைவிரல் பூட்டிக்கொண்டது. கத்திரி மூடிக்கொண்டது. வளையம் அறுந்து விழுந்தது. கூடவே தாளும், அதற்குள் இருந்த அத்தனை முடியும், ஒரு முழுப் பொட்டலமாக, மேஜைமேல் விழுந்தது.

மாப்பிள்ளை காதை ஒருதரம் உதறிப் பார்த்தது. ஒரு பக்கம் தோள் வரைக்கும் வழிகிற காது. இன்னொரு பக்கம் எலி கடித்த மாதிரி ஒரு மொட்டைக் காது.

சீப்புக்காரர் அந்தக் காதைத் தேய்த்துப் பார்த்தார். சிவந்திருந்தது, வெட்டு இல்லை, சூடு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் வேறு பக்கம் திரும்பியது. கார் வந்த வழியெல்லாம் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

"அம்மா, நான் வேணும்னு வெட்டலை."

மேனேஜரம்மா அந்த மொட்டைக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "வேணும்னு வெட்டியிருந்தா நேரா வெட்டியிருப்பீங்க."

கதவோரத்தில் சார் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அப்படித்தான் விழுங்குவார் போலிருக்கிறது.

அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். விரல்களில் எண்ணெயும் தாளும் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார்.

"இது திரும்ப இந்த நீளத்துக்கு வரணும்னா?"

"ரெண்டு வருஷமாவது ஆகும்மா."

"அதுவரைக்கும் இதே மாதிரி கட்டணும்."

"ஒண்ணுவிட்டு ஒருநாள்."

அம்மா நாயைப் பார்த்தார். ஒரு பக்கம் அவர் கட்டின பொட்டலங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. இன்னொரு பக்கம் தொடாத முடி, மேஜை விளிம்பு வரைக்கும். இடுப்பில் கையை வைத்து முதுகை நிமிர்த்தினார். ஒரு முனகல் வந்தது, அதை மறைக்கக்கூட இல்லை.

"வெட்டிடுங்க தம்பி."

"இன்னைக்கு முடியாதும்மா. கை வராது. பாத்தீங்களே."

இந்தச் சொல்லுக்காகத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார். அது வந்தபோது கத்திரி பிடிக்க விரல் இல்லை. அதற்காக வருத்தப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

"அப்ப கத்திரியை இங்க குடுங்க" என்றார் அம்மா.

சார் உள்ளே வந்து மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். அம்மா முதுகுப் பக்கம் கத்திரியை வைத்தார். முதல் வெட்டே கோணல். அடுத்த வெட்டு அந்தக் கோணலைச் சரிசெய்யப் போய்ப் பள்ளமாக விழுந்தது. சீப்புக்காரருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க என்று. கை தானாக நீண்டது. முக்காலியில் உட்கார்ந்து அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். அதில் முடி கிடந்தது.

வெள்ளை முடி மேஜையிலிருந்து வழிந்து தரையில் குவிந்தது. அம்மா ஒரு பிடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், பிறகு போட்டுவிட்டார். வெட்டி முடித்தபோது மாப்பிள்ளை படிக்கட்டு மாதிரி இருந்தது. கீழே இறக்கிவிட்டார்கள். நின்ற இடத்திலேயே தன் காலைக் குனிந்து பார்த்தது. பிறகு உடம்பை உதறியது, உதறியது, விழப் போகிற வரைக்கும் உதறியது.

"நாளைக்கு மெஷின் போட்டுச் சரி பண்ணிடுங்க தம்பி" என்றார் அம்மா.

"நாளைக்கு இல்லம்மா. நாலு நாள் போகட்டும். அண்ணன் கடைக்குக் கொண்டு வந்துடுங்க. இனிமே நான் வீடு வீடா வர்றதில்லை."

இது எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா சரி என்று தலையாட்டினார்.

சாமான் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பத்து வீடு தள்ளி சார் நின்றுகொண்டிருந்தார், சிவப்புக் கயிற்றைப் பிடித்தபடி. மறுமுனையில் மாப்பிள்ளை ஒரு கல்லை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. சார் காத்திருந்தார். அவருக்கு எங்கேயும் அவசரம் இல்லை.

சீப்புக்காரர் அந்தப் பக்கமாகப் போயிருந்தால் சாரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் போனால் நாயின் அந்தக் கோணல் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் கை சும்மா இருக்காது. தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் நடந்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சாச்சு."

"அப்புறம் ஏன் இந்த மூஞ்சி?"

"முடிஞ்சுது. வெட்டியாச்சு." பெட்டியைச் சுவரோரம் வைத்தார். அது கொஞ்சம் கோணலாக நின்றது. "பட்டையை மாட்டி விடு, எனக்குக் கை வரலை."

அவள் பட்டையை எடுத்து வந்து விரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி ஒட்டினாள். ஒட்டி முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார்.